திரிகைக்கல் தீவு: நிசிரோஸின் நிலமும் வாழ்வும்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, தம் பெருநூலின் பத்தாம் பகுதியில் ஏஜியன் கடல் தீவுகளை வரிசையாகச் சொல்லி வருகிறார். அதில் நிசிரோஸுக்குக் கிடைத்தவை சில வரிகளே. வட்டமான தீவு, உயரமானது, பாறை மிகுந்தது. அந்தப் பாறை திரிகைக்கல் செய்ய ஏற்றது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கு வேண்டிய திரிகைகள் தாராளமாக அங்கிருந்து போகின்றன. ஒரு நகரம், ஒரு துறைமுகம், வெந்நீர் ஊற்றுகள், கடல் தெய்வமான பொசைடனுக்கு ஒரு கோயில். சுற்றளவு 80 ஸ்டேடியம்.

இவற்றோடு ஒரு கதையையும் அவர் சேர்க்கிறார். தேவர்களோடு போரிட்ட அரக்கர்களில் ஒருவன் பொலிவோட்டிஸ். அவனைத் துரத்தி வந்த பொசைடன், பக்கத்துத் தீவான கோஸின் ஒரு மூலையைத் தம் திரிசூலத்தால் பெயர்த்து அவன்மேல் எறிந்தார். அந்தத் துண்டுதான் நிசிரோஸ். அதன் அடியில் அரக்கன் நசுங்கிக் கிடக்கிறான். கோஸின் அடியில்தான் கிடக்கிறான் என்று சொல்வோரும் உண்டு என்பதையும் ஸ்ட்ராபோ விடாமல் குறிக்கிறார்.

எட்னாவையும் வெசூவியஸையும் பற்றி விரிவாக எழுதியவர் அவர். எரிந்த மலையின் அடையாளங்கள் அவருக்குத் தெரியும். ஆனால் நிசிரோஸைச் சொல்லும்போது நெருப்பென்ற பேச்சே இல்லை. அவர் காலத்து மக்கள் இந்தத் தீவை மாவரைக்கும் கல்லால் அறிந்திருந்தார்கள். இன்று நிசிரோஸின் பெயரைக் கேட்டதும் ‘உயிருள்ள எரிமலை’ என்ற சொல்தான் முன்னால் வருகிறது. தீவின் வரலாற்றைப் படித்து முடிக்கும்போது, ஸ்ட்ராபோவின் பார்வையே உண்மைக்கு நெருக்கமானது என்று தோன்றுகிறது. இந்த மலை மக்களை விரட்டியதைவிட வாழ வைத்ததே அதிகம். கல்லும் மண்ணும் வெப்பமும் அது கொடுத்தது. கொடுக்காதது ஒன்றே ஒன்று: குடிநீர். கொடுத்ததைக் கைத்தொழிலாக்கி, கொடுக்காததைக் கைமுயற்சியால் ஈடுகட்டி வாழ்ந்த சிறு சமூகத்தின் கதையே நிசிரோஸின் வரலாறு.

கடலடியிலிருந்து எழுந்த மலை

ஏஜியன் கடலின் தென்கிழக்கில், துருக்கிக் கரையை ஒட்டி, டொடெகனீஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது நிசிரோஸ். வடக்கே கோஸ், தென்கிழக்கே திலோஸ். பரப்பு சுமார் 41 சதுர கிலோமீட்டர். குறுக்களவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஸ்ட்ராபோ சொன்ன 80 ஸ்டேடியம் இன்றைய கணக்கில் 15 கிலோமீட்டருக்கும் குறைவு. உண்மையான கரையின் நீளம் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பிறர் சொல்லக் கேட்டு எழுதிய அளவாக இருக்கலாம். வடிவத்தைச் சொன்னதில் மட்டும் தவறில்லை. வானிலிருந்து பார்த்தால் நடுவில் குழிந்த ஒரு வட்ட ஆப்பம் போலத் தெரியும் தீவு இது.

ஆப்பிரிக்கப் புவித்தட்டு கிரீட் தீவுக்குத் தெற்கே ஏஜியன் நிலத்தின் அடியில் நுழைந்து, வடக்கு நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. ஆழத்துக்குப் போகப்போக அதிலிருந்து வெளியேறும் நீர், மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகிக் கற்குழம்பாகி மேலெழுகிறது. அது வெளிப்பட்ட இடங்களைக் கோடிட்டு இணைத்தால் மேற்கே மெதானாவில் தொடங்கி, மிலோஸ், சந்தோரினி வழியாக வளைந்து வரும் ஒரு வில் கிடைக்கும். அந்த வில்லின் கிழக்கு முனைதான் நிசிரோஸ்.

சுமார் 1,61,000 ஆண்டுகளுக்கு முன், கோஸுக்கும் நிசிரோஸுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் மிகப் பெரிய வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. 60 கன கிலோமீட்டருக்கும் அதிகமான பொருள் வெளியே வீசப்பட்டது என்று நிலவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதன் சாம்பலும் நுரைக்கல்லும் கோஸின் மேற்குப் பகுதியை மூடின. திலோஸிலும் துருக்கியின் தீபகற்பங்களிலும் படிந்தன. அரக்கன்மேல் எறிய ஒரு தீவின் மூலையையே பெயர்த்தெடுத்ததாகக் கதை கட்டியவர்கள் இந்த வெடிப்பைப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கடந்துபோன கரைகளில் அதன் தடம் இருந்தது.

நிசிரோஸின் கூம்பு, கடலடியில் தொடங்கி எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காய்ப் படிந்து வளர்ந்தது. பிறகு இரண்டு பெரும் வெடிப்புகள் நுரைக்கல்லை வாரி இறைத்தன. உள்ளே இருந்த குழம்பு வெளியேறிவிட்டதால் தாங்க ஆளற்ற கூரைபோல உச்சி உள்ளே சரிந்தது. இப்படி உருவாகும் பெருங்குழியை நிலவியலாளர்கள் கால்டெரா என்பார்கள். நிசிரோஸின் கால்டெரா ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலமானது. பின்னர் கெட்டியான குழம்பு மெதுவாகப் பிதுங்கி வந்து, குழியின் மேற்குப் பாதியைக் குமிழ்க் குன்றுகளால் நிரப்பியது. அவற்றில் உயர்ந்தது 698 மீட்டர் உயரமுள்ள ப்ரொஃபிட்டிஸ் இலியாஸ். தீவின் உயர்ந்த சிகரமும் அதுவே. கிழக்குப் பாதி நிரம்பாமல் சமவெளியாக நின்றுவிட்டது. அதற்கு லக்கி என்று பெயர்.

குழியின் உள்ளே

லக்கிச் சமவெளியின் தெற்குப் பக்கத்தில் ஸ்டெஃபனோஸ் என்னும் வட்ட வாய் இருக்கிறது. விட்டம் ஏறத்தாழ 300 மீட்டர், ஆழம் 25 மீட்டருக்கு மேல். சரிவுப் பாதையில் இறங்கி அதன் தரைக்கே போகலாம். வெண்சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்த தரை. ஆவித்துளைகளின் விளிம்பில் ஊசி ஊசியாய் மஞ்சள் கந்தகப் படிகங்கள். அழுகிய முட்டையின் வாடை. காலடியில் சேறு கொதிக்கும் ஓசை. ஆவியின் வெப்பம் நீரின் கொதிநிலையை ஒட்டியே, சுமார் 100 பாகை செல்சியஸாக இருக்கிறது.

வரலாற்றுக் காலத்தில் நிசிரோஸில் கற்குழம்பு ஒருமுறையும் வெளியே வந்ததில்லை. வெடித்ததெல்லாம் நீர்தான். மழைநீரும் கடல்நீரும் விரிசல்கள் வழியே இறங்கி ஆழத்தில் சூடேறுகின்றன. மேலிருக்கும் பாறையின் அழுத்தத்தில் அந்த நீர் 100 பாகையைத் தாண்டியும் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கிறது. ஒரு நிலநடுக்கம் பாறையில் புது விரிசலை உண்டாக்கினால் அழுத்தம் சட்டென்று குறைகிறது. நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து, மேலிருக்கும் பாறையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது. ஸ்டெஃபனோஸும் அதைச் சுற்றியுள்ள சிறு வாய்களும் இப்படிப் பிறந்தவை.

1871 முதல் 1873 வரை இத்தகைய வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. நில அதிர்ச்சி, பெருமுழக்கம், சாம்பல், சேறு. பொலிவோட்டிஸ் என்று அரக்கனின் பெயரையே தாங்கிய வாய் அப்போது திறந்தது. வெளியேறிய சூடான உப்புநீர் லக்கியின் வயல்களில் பாய்ந்து மரங்களைக் கருக்கியது. அந்த 1873-இல் ஆன்றி கோர்சே என்னும் பிரெஞ்சு நிலவியலாளர் தீவுக்கு வந்து வெடிப்பை ஆராய்ந்து எழுதினார். ஏதென்ஸ் பிரெஞ்சுக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இவரே, மூன்றாண்டுகள் கழித்துப் பிரேசிலின் ஊரோ ப்ரெத்தோ நகரில் புகழ்பெற்ற சுரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். 1887-88-இல் மீண்டும் ஒரு சிறு வெடிப்பு. அதற்குப் பின் இன்றுவரை வெடிப்பில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, வெடிப்பு கருக்கியது பயிரை என்பதே. கொதிக்கும் வாய்களுக்கு அருகே, குழியின் தரையிலேயே, மக்கள் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். தீவில் தட்டையான நிலம் வேறெங்கும் அவ்வளவு இல்லை. மண்ணும் வளமானது. நிக்கியா, எம்போரியோஸ் என்னும் இரண்டு மலையூர்களும் கால்டெராவின் விளிம்பிலேயே அமர்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குழி. கடற்கொள்ளையர் வந்தால் உயரத்திலிருந்து பார்க்கலாம்; உழவுக்குக் குழிக்குள் இறங்கலாம். அவர்களின் அன்றாடக் கணக்கில் எரிமலைக்கு முன்னால் கடற்கொள்ளையரும் பஞ்சமும் நின்றன.

கல் என்னும் செல்வம்

நிசிரோஸுக்கும் கோஸுக்கும் நடுவே யாலி என்னும் சிறு தீவு இருக்கிறது. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கண்ணாடி என்று பொருள். அதன் வடகிழக்குப் பகுதி எரிமலைக் கண்ணாடியால் ஆனது. கறுத்த அந்தக் கண்ணாடியில் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். கத்திபோலச் சீவ மிலோஸ் தீவின் கண்ணாடியே சிறந்தது. புள்ளிகள் குறுக்கிடுவதால் யாலியின் கல் அதற்கு ஏற்றதில்லை. ஆனால் அந்தப் புள்ளிகளின் அழகுக்காகவே கிரீட்டின் மினோவன் கைவினைஞர்கள் அதைத் தருவித்துக் குடைந்து, கலங்கள் செய்தார்கள். ஒரு பயனுக்கு உதவாத குறை இன்னொரு பயனுக்கு அணியாயிற்று.

நிசிரோஸின் சொந்தக் கல் அத்தனை அழகானதன்று. ஆனால் வீட்டுக்கு வீடு வேண்டியது. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதில் சிக்கிய வாயு சிறு துளைகளை விட்டுப் போகிறது. இந்தக் கல்லில் தானியம் அரைக்கும்போது மேற்பரப்பு தேய்ந்தாலும் அடியிலிருக்கும் துளைகள் திறந்து புதிய விளிம்புகளைத் தருகின்றன. வழவழப்பான கல் தேயத் தேய மழுங்கும். அடிக்கடி கொத்த வேண்டும். துளைக்கல் தானே தன்னைக் கூராக்கிக்கொள்ளும். கல் கடினமானதாகவும் இருப்பதால் மாவில் மணல் விழுவதும் குறைவு.

இந்த வணிகத்தின் சான்று கடலடியில் கிடைத்தது. சைப்ரஸின் கிரீனியா துறைமுகத்துக்கு வெளியே, கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி மூழ்கிய ஒரு சரக்குக் கப்பலை 1960-களில் அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் காட்செவின் குழு அகழ்ந்தெடுத்தது. நூற்றுக்கணக்கான மதுச் சாடிகள், ஆயிரக்கணக்கில் பாதாம் கொட்டைகள்; அவற்றுக்கு அடியில் அடுக்கிய 29 திரிகைக்கற்கள். கல்லின் தன்மை நிசிரோஸைச் சுட்டியது. கப்பலை நிலைப்படுத்தும் பாரமாகவும் போகிற துறையில் விற்கும் சரக்காகவும் அவை ஒருங்கே பயன்பட்டன. ஸ்ட்ராபோ எழுதிய ஒற்றை வரிக்கு அவருக்கு முந்தைய காலத்துக் கப்பலே சாட்சி சொல்கிறது.

அதே கல் சுவராகவும் நின்றது. தலைநகர் மந்திராகிக்கு மேலே உள்ள பாலையோகாஸ்ட்ரோ கோட்டை கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கறுத்த எரிமலைக் கல்லைப் பெரும் பாளங்களாகச் செதுக்கி, சாந்து எதுவுமில்லாமல் பொருத்தி எழுப்பியிருக்கிறார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும், இத்தனை நில அதிர்ச்சிகளுக்குப் பின்னும், பாளங்களின் இணைப்புக் கோடுகள் இன்றும் நேராக இருக்கின்றன. வாசலருகே ஒரு சிறு கல்வெட்டு: சுவரிலிருந்து ஐந்து அடி வரையுள்ள நிலம் பொதுவுக்கு உரியது என்கிறது அது. சுவரை ஒட்டி எவரும் வீடு கட்டவோ வேலி போடவோ கூடாது. காவலர் நடக்கவும் கல் பெயர்ந்தால் செப்பனிடவும் இடம் வேண்டும். ஒரு சுவர் நிலைக்க வேண்டுமானால் அதன் அருகே யாருடையதும் ஆகாத ஒரு பட்டை நிலம் இருந்தாக வேண்டும் என்று அந்த ஊர் முடிவெடுத்திருக்கிறது. நிசிரோஸைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாச் செய்திகளிலும் மனத்தில் ஆழமாகப் பதிந்தது இதுதான்.

வந்து போன ஆட்சிகள்

சிறு தீவுகளின் அரசியல் வரலாறு பெரும்பாலும் பிறருடைய போர்களில் ஒரு வரியாக அமைந்துவிடும். இலியட் காவியத்தின் கப்பல் பட்டியலில் கோஸ், கார்பதோஸ், காசோஸ் தீவுகளோடு நிசிரோஸின் பெயரும் வருகிறது. கி.மு. 480-இல் பாரசீக மன்னர் செர்க்சஸ் கிரேக்கத்தின்மேல் படையெடுத்தபோது, ஹலிகர்னாசஸின் அரசி ஆர்ட்டெமிசியாவின் தலைமையில் போன கப்பல்களில் நிசிரோஸ் மக்களும் இருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். அதன் பிறகு ஏதென்ஸின் கூட்டணிக்குக் கப்பம் கட்டினார்கள். கி.மு. 200-ஐ ஒட்டி மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப், தீவினர் தம் முன்னோர் சட்டங்களின்படியே வாழலாம் என்று தெரிவித்தது கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. விரைவிலேயே தீவு ரோட்ஸ் குடியரசோடு சேர்ந்தது; பின்பு ரோமும் பைசாந்தியமும் வந்தன.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித யோவான் வீரத்துறவியர் ரோட்ஸைக் கைப்பற்றி, அக்கம்பக்கத்துத் தீவுகளையும் தமதாக்கினார்கள். 1316-இல் நிசிரோஸ் அசாந்தி குடும்பத்துக்கு மானியமாக அளிக்கப்பட்டது. நேபிள்ஸ் அருகே உள்ள இஸ்கியாவிலிருந்து வந்த குடும்பம் அது. இஸ்கியாவும் வெந்நீர் ஊற்றுகள் கொண்ட எரிமலைத் தீவுதான். புதிய எசமானர்களுக்குக் கந்தக வாடை புதிதாய் இருந்திருக்காது. 1420-ஐ ஒட்டி ஏஜியன் தீவுகளைச் சுற்றி வந்து நூல் எழுதிய ஃப்ளோரன்ஸ் பாதிரியார் கிறிஸ்டோஃபோரோ புவொண்டெல்மோண்டி, மலையில் கந்தக நெருப்பு எரிவதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ரோட்ஸ் 1522-இல் சுல்தான் சுலைமானிடம் வீழ்ந்ததும் தீவு ஒட்டோமன் ஆட்சிக்குள் வந்தது. ஆண்டுதோறும் ஒரு மொத்தத் தொகையை வரியாகக் கட்டிவிட்டு உள்ளூர்க் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் சலுகை இப்பகுதித் தீவுகளுக்கு இருந்தது. 1912-இல் இத்தாலி டொடெகனீஸைப் பிடித்தது; இரண்டாம் உலகப் போரின் பின்பாதியில் ஜெர்மானியர், அடுத்துப் பிரித்தானிய நிர்வாகம். 1947-இல் பாரிஸ் ஒப்பந்தப்படி தீவுகள் கிரேக்கத்துக்கு அளிக்கப்பட்டு, 1948 மார்ச்சில் முறைப்படி இணைந்தன. இத்தனை கொடிகள் மாறிய காலமெல்லாம் தீவின் அன்றாடக் கேள்வி ஒன்றாகவே இருந்தது: இந்த ஆண்டு மழை பெய்யுமா?

மழையைச் சேர்த்த கைகள்

நிசிரோஸில் ஆறு இல்லை. குடிக்கத் தகுந்த ஊற்று என்று சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. ஊறுவதெல்லாம் உப்பும் வெப்பமும் கலந்த நீர். கோடையில் மாதக்கணக்கில் மழை கிடையாது. ஆகவே குளிர்காலத்தில் விழும் ஒவ்வொரு துளியும் தொட்டியில் சேர வேண்டும். வீட்டின் தட்டைக் கூரையே நீர்ப்பிடிப்பு. அடியில் குடைந்த தொட்டியே கிணறு. வெள்ளையடித்த கூரையைத் தூய்மையாக வைத்திருப்பது குடிநீரைத் தூய்மையாக வைப்பதற்கு ஒப்பானது.

மழைநீரை மண்ணிலும் நிறுத்த வேண்டியிருந்தது. எரிமலைச் சாம்பல் மண் தாதுச்சத்து நிறைந்தது. ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் செங்குத்தான சரிவில் அது ஒரே மழையில் கடலுக்குப் போய்விடும். அதனால் கடற்கரையருகே தொடங்கி மலைமுகடு வரை, அங்கிருந்து கால்டெராவின் உட்சரிவு வரை, சாந்தில்லாமல் கல்லடுக்கிச் சுவர் எழுப்பி அடுக்கு வயல்களாக்கினார்கள். வெளிப்புறத்தில் பெருங்கல், உட்புறத்தில் சிறுகல், அதன்மேல் மண். நீர் கல்லிடுக்கில் கசிந்து மெல்லக் கீழ் அடுக்குக்கு இறங்கும்; மண் தங்கிவிடும். சரிவில் சிதறிக் கிடக்கும் கல்லைப் பொறுக்குவதும் சுவர் எழுப்புவதும் ஒரே வேலையாக முடிந்தன. வயலுக்கு நடுவே, பாதி மண்ணுக்குள் புதைந்த வளைவுக்கூரைக் கல்வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். அறுவடைக் காலத்தில் குடும்பம் அங்கேயே தங்கியது.

அந்த அடுக்குகளில் வாற்கோதுமையும் பயறும் கொண்டைக்கடலையும் விளைந்தன. அத்தி, பாதாம், ஒலிவ மரங்கள் நின்றன. கொண்டைக்கடலையை அரைத்துத் தட்டிப் பொரிக்கும் பித்தியா இன்றும் தீவின் அடையாளப் பண்டம். பாதாமை இடித்துச் சர்க்கரைப் பாகில் சேர்த்துச் செய்யும் சூமாதாவைக் குளிர்ந்த நீரில் கலந்து விருந்தாளிக்குத் தருவார்கள். சரிவுகளில் வளர்ந்த ஓக் மரங்களின் கொட்டைக் கிண்ணங்கள் தோல் பதனிட உதவும் துவர்ப்புப் பொருள் நிறைந்தவை. அவற்றை மூட்டை கட்டி ஏற்றுமதி செய்தார்கள்.

மலை கொடுத்த வெந்நீரும் வீணாகவில்லை. மந்திராகிக்கு அருகே லூத்ரா என்னும் இடத்தில் நகராட்சியின் குளியல் நிலையம் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பாலி என்னும் மீனவ ஊருக்கு அருகே பாந்தெலிடிஸ் என்பவர் இன்னும் பெரிய குளியல் நிலையத்தைக் கட்டினார். மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் மருந்து தேடி எகிப்திலிருந்தும் சின்ன ஆசியாவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். எம்போரியோஸின் நுழைவில் ஒரு சிறு பாறைக் குகை இருக்கிறது; மலையின் வெப்ப மூச்சு அதற்குள் எப்போதும் வீசும். கல்லில் அமர்ந்தால் சில நொடிகளில் உடல் வியர்க்கும்.

யார் வெளியேற்றியது?

இன்று தீவில் வாழ்வோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒரு நூற்றாண்டுக்கு முன் இதைப்போல் பல மடங்கு மக்கள் இருந்தார்கள். இந்தச் சரிவைப் பார்க்கும் எவருக்கும் எரிமலை மீதுதான் முதலில் ஐயம் விழும். காலவரிசை அந்த ஐயத்தைத் தாங்கவில்லை. 1871-இன் வெடிப்புக்குப் பின்னரே குளியல் நிலையங்கள் எழுந்தன. 1888-க்குப் பின் மலை வெடிக்கவேயில்லை. மக்கள் வெளியேறியதோ பெரும்பாலும் அதற்கடுத்த நூற்றாண்டில்.

தீவின் பொருள்களை வாங்கிய உலகம் மாறியதே அடிப்படைக் காரணம். நீராவியிலும் பின்பு மின்சாரத்திலும் ஓடிய உருளை ஆலைகள் திரிகைக்கல்லைத் தேவையற்றதாக்கின. வேதிப்பொருளால் தோல் பதனிடும் முறை வந்ததும் ஓக் கொட்டைக்கு விலையில்லை. எதிர்க்கரையான சின்ன ஆசியாவோடு இருந்த கொடுக்கல் வாங்கல், 1922-இல் அங்கிருந்த கிரேக்கர்கள் வெளியேற்றப்பட்டதோடு அறுந்தது. இத்தாலிய ஆட்சியில் தீவுக்கும் கிரேக்கத்துக்கும் நடுவே எல்லை நின்றது. 1933-இல் கோஸ் நகரை இடித்த நிலநடுக்கத்தில் எம்போரியோஸும் பாதிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களில் பலர் கரைக்கு இறங்கி பாலியில் குடியேறினார்கள். அந்த அதிர்வும் கோஸ் பக்கத்து நிலப்பிளவிலிருந்து வந்ததே. முன்பு இஸ்மிருக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் போனவர்களின் பிள்ளைகள் இப்போது நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்கள். நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதி நிசிரோஸ் குடும்பங்களின் இரண்டாம் ஊராயிற்று. அங்கிருந்து வந்த பணத்தில் தீவில் பள்ளியும் தேவாலயமும் கட்டப்பட்டன. அவற்றில் படிக்கவும் தொழவும் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

வெப்பத்தைத் துளைத்தபோது

1980-களின் தொடக்கத்தில் கிரேக்க அரசின் மின்துறை நிறுவனம் லக்கியில் இரண்டு ஆழ்துளைகளை இட்டது. ஒன்று 1,816 மீட்டர், மற்றொன்று 1,547 மீட்டர். அடியில் 300 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பம் கிடைத்தது. மின்சாரம் எடுக்க இது போதும். ஆனால் கந்தக வாயுவும் உப்புக் கழிவுநீரும் வயலையும் கடலையும் கெடுக்கும் என்று தீவினர் அஞ்சினார்கள். மிலோஸ் தீவில் இயங்கிய சோதனை நிலையத்தின் துர்நாற்றம் அங்கே மக்களை வெகுளச் செய்திருந்த காலம் அது. எதிர்ப்பு வலுக்கவே திட்டம் நின்றது.

அந்த வெப்பத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று சொல்வோர் இன்றும் உண்டு. நிலத்தடி நீரைத் திரும்ப ஆழத்துக்கே செலுத்தும் தொழில்நுட்பம் இப்போது முதிர்ந்திருக்கிறது. வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தீவினரின் அச்சம் அறியாமையிலிருந்து பிறந்ததன்று. அவர்கள் நூற்றாண்டுகளாக மலையிடம் அளந்து வாங்கிப் பழகியவர்கள். திரிகைக்கு ஒரு கல், வயலுக்கு ஒரு கூடை மண், நோய்க்கு ஒரு குடம் வெந்நீர். யாரோ தொலைவில் முடிவெடுத்து மலையின் வயிற்றைத் துளைத்தபோது அந்த அளவு தங்கள் கையை விட்டுப் போவதாக உணர்ந்தார்கள். சுவரோரத்து ஐந்தடி நிலத்தைப் பொதுவுக்கென்று ஒதுக்கிய ஊரில், மலையைப் பற்றிய முடிவும் பொதுவில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

1996-97-இல் தீவு நடுங்கியது. மந்திராகியில் வீடுகள் விரிசல் கண்டன. துணைக்கோள் ரேடார் அளவைகள், நிலம் 14 சென்டிமீட்டர் வரை உயர்ந்ததைக் காட்டின. அதற்குப் பின் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஜியோவார்ன் என்னும் கூட்டாய்வில் அதிர்வு, வாயு, வெப்பம் ஆகியவற்றை அளந்தன. 2001-02-இல் லக்கியின் தரையில் ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு திறந்தது. வெடிப்பு வரவில்லை. ஆனால் நீராவி வெடிப்பு முன்னறிவிப்பு அதிகம் தராமல் வரக்கூடியது. பயணிகள் கூட்டமாக இறங்கும் ஸ்டெஃபனோஸின் தரைதான் அது நிகழ வாய்ப்புள்ள இடம். மலையை அஞ்ச வேண்டாம் என்று சொல்வதும், அதை அளக்காமல் விடலாம் என்று சொல்வதும் வேறு வேறு.

இன்றைக்கும் தீவின் பிழைப்பு மலையிலிருந்தே வருகிறது. யாலியின் தென்மேற்குப் பகுதி பியூமிஸ் என்னும் நுரைக்கல்லால் ஆனது. அதை வெட்டிக் கப்பலில் ஏற்றி, எடை குறைந்த கான்கிரீட் செய்யப் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். நிசிரோஸ் நகராட்சிக்கு அதிலிருந்து குத்தகைப் பணம் வருகிறது. தீவினர் சிலருக்கு அங்கே வேலை. கோடையில் கோஸிலிருந்து படகில் வரும் பயணிகள் குழியைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். குடிநீரைக் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறுகிறார்கள். தொட்டிகளில் பல வறண்டு கிடக்கின்றன.

ஒன்பது நாள்கள்

மந்திராகிக்கு மேலே, வீரத்துறவியரின் கோட்டைக்குள், ஒரு பாறைக் குகையில் பனாயியா ஸ்பிலியானி மடம் இருக்கிறது. குகையின் அன்னை என்று பொருள். ஆகஸ்ட் 15 அன்னையின் திருநாள். அதற்கு முந்தைய ஒன்பது நாள்கள் சில பெண்கள் வீட்டை விட்டு மடத்துக்கு வந்து தங்குகிறார்கள். கறுப்பு உடுத்தி, நோன்பிருந்து, நாளும் நூற்றுக்கணக்கான முறை மண்டியிட்டு வணங்குகிறார்கள். மடத்தின் வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்குவதும் தரையைக் கழுவுவதும் அவர்கள் பணியே. திருநாளன்று திருவுருவம் ஊர்வலமாய் மந்திராகிக்கு வரும். ஊர் ஒன்றாக உண்ணும். பின்பு கிண்ண நடனம். ஆட்டத்தின் முன்னால் நிற்பவரின் கையிலிருக்கும் கிண்ணத்தில் ஊரார் காசு போடுவார்கள். நியூயார்க்கிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள் அந்த வரிசையில் கைகோத்து நிற்பார்கள். ஆண்டில் சில நாள்களாவது தீவு தன் பழைய எண்ணிக்கையை நெருங்குகிறது.

அந்த நாள்கள் முடிந்ததும் கப்பல்கள் புறப்பட்டுவிடுகின்றன. அடுக்கு வயல்களின் சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. சாந்தில்லாச் சுவருக்கு ஒரு குணம் உண்டு: ஒரு கல் நழுவிய அன்றே எடுத்து வைத்தால் சுவர் நூறாண்டு நிற்கும், விட்டுவிட்டால் அடுத்த மழை அந்தத் துளை வழியே மண்ணை இழுக்கும், அதற்கடுத்த மழையில் சுவரே போகும், பிறகு கீழ் அடுக்கும். பல தலைமுறைகள் சேர்த்த மண் இப்போது சிறிது சிறிதாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நெருப்பு செய்யாததை, நழுவிய கல்லை எடுத்து வைக்க ஆளில்லாமை செய்கிறது.

நிசிரோஸை இனி ஆராய்பவர்கள் ஆவித்துளைகளின் வெப்பத்தை அளக்கும் அக்கறையோடு இந்தச் சுவர்களையும் அளக்க வேண்டும். எது நிற்கிறது, எது சரிந்தது, எதைக் காக்க முடியும் என்று கணக்கெடுக்க வேண்டும். பாலையோகாஸ்ட்ரோவின் சுவர் நிலைத்ததற்குக் கல்லின் எடை பாதிக் காரணம். மறுபாதி, அதன் அருகே நடந்து செப்பனிட ஐந்தடி நிலத்தை ஒதுக்கி, அதைக் கல்லில் எழுதியும் வைத்த ஊர். அடுக்கு வயல்களின் ஓரத்திலும் நடக்க வழி இன்னும் இருக்கிறது.